வாயில் எதையும் போடாத பிள்ளைக்காகச் செய்த பெட்டி: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு கணவனும் மனைவியும் வீட்டிலிருந்தே நடத்தும் சிறுதொழில் பற்றிய பதிவு இது. குழந்தைகள் தொட்டும் அளைந்தும் கொட்டியும் விளையாடுவதற்கான பெட்டிகளை அவர்கள் செய்து விற்கிறார்கள். பெற்றோர்கள் சென்சரி கிட் என்று சொல்வது இதைத்தான். ஒரு கட்டத்தில் விற்பனையை முழுவதும் நிறுத்திவிட்டு, பெட்டிகளை அடியிலிருந்து மாற்ற வேண்டிவந்தது.

நான் குழந்தைகளோடு வேலை செய்யும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாடச் செயல்களையும் விளையாட்டையும் வைத்துச் சிகிச்சை தருபவர். விற்பனை நின்ற பிறகு, பெட்டிகளைப் பார்த்துக் கருத்துச் சொல்லும்படி என்னைக் கேட்டார்கள். அதற்கு முன் நடந்தவற்றை அவர்களுடைய ஆர்டர் குறிப்புகள், வாங்கியவர்கள் அனுப்பிய செய்திகள், இருவரும் சொன்ன விவரங்கள் ஆகியவற்றிலிருந்து எழுதுகிறேன். அவர்கள் சம்மதத்துடன் எழுதினாலும், யார், எங்கே என்று தெரியக்கூடிய எதையும் சேர்க்கவில்லை.

பின்னணி

இவர்களுக்கு ஒரே மகன். நான்கு வயதில் ஆட்டிசம் என்று கண்டறியப்பட்டது. தானியத்துக்குள் கையை விட்டு அளைவது, ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றிக்கொண்டே இருப்பது, இவை இரண்டும் அவனுக்கு உயிர். பிசுபிசுப்பான எதையும் தொடமாட்டான். புலன்களின் தூண்டலுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவது, மனநலக் கோளாறுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013-இல் வந்த டி.எஸ்.எம்.-5 கையேட்டிலிருந்து ஆட்டிசத்தைக் கண்டறியும் அளவுகோல்களில் ஒன்றாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் தாய்க்கு அதெல்லாம் பின்னால்தான் தெரியும். சாயமிட்ட அரிசி நிறைந்த தட்டு முன்னால் இருந்தால் பிள்ளை அரை மணி நேரம் நிம்மதியாக இருக்கிறான் என்பதை அவர் முதலில் கண்ணால் கண்டார்.

அங்கிருந்து அது தொழிலானது வழக்கமான கதைதான். தெரபிக்கு வரும் மற்ற பெற்றோர் பார்த்துக் கேட்டார்கள், இவர் செய்து கொடுத்தார், பிறகு அவர்கள் சொல்லி மற்றவர்கள் கேட்டார்கள். மாதம் ஒரு கருப்பொருள் என்று சந்தா முறை வந்தது: கடல், காடு, மழை, விண்வெளி. கணவர் பகலில் வேறு வேலையில் இருப்பவர். பேக்கிங், கணக்கு, கூரியர் எல்லாம் இரவில் அவர் பொறுப்பு.

விளையாட்டுப் பொருளாகப் பார்த்தால் அந்தப் பெட்டிகள் நன்றாகவே இருந்தன. கடையில் கிடைக்கும் பல கிட்களில் எல்லா நிறமும் எல்லா மினுமினுப்பும் ஒன்றாகக் கொட்டிக்கிடக்கும், புலன்களால் எளிதில் திணறும் குழந்தைக்கு அதுவே தொல்லை. இவர்களுடையதில் ஒரு பெட்டிக்கு ஒரே அடிப்படைப் பொருள், இரண்டு நிறம், நான்கைந்து கருவி, அவ்வளவுதான். வாசனை கிடையாது. ஒரு குழந்தையை ஆண்டுக்கணக்கில் கவனித்த கண் அதில் தெரிந்தது. ஆனால் அந்த ஒரு குழந்தையை மட்டுமே கவனித்த கண் அது. பின்னால் வந்த சிக்கல்களில் முக்கால்வாசி இங்கிருந்துதான் கிளம்பின.

பெட்டிக்குள் இருந்தவை

சாயமிட்ட அரிசி, உலர்ந்த பயறு வகைகள், கோதுமை மாவில் செய்த பிசையும் மாவு, சிறிய பிளாஸ்டிக் விலங்குகள், கண்ணாடிக் கற்கள், இடுக்கி, கரண்டி, நீள ரிப்பன்கள். கடல் பெட்டியில் தண்ணீரில் ஊறவைத்தால் பெருக்கும் வாட்டர் பீட்ஸ் என்ற குட்டி மணிகள். விண்வெளிப் பெட்டியில் மெழுகுவர்த்தி வடிவிலான குட்டி விளக்குகள், உள்ளே பட்டன் பேட்டரி. மூடியில் '3 வயதுக்கு மேல்' என்றும் 'பெரியவர் கண்காணிப்பில் விளையாடவும்' என்றும் அச்சிட்டிருந்தார்கள்.

இந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் பொம்மையாகத் தயாரிக்கப்பட்டவையே அல்ல. வாட்டர் பீட்ஸ் பூ ஜாடி அலங்காரத்துக்கு விற்பவரிடமிருந்து வந்தது. கண்ணாடிக் கற்கள் மீன்தொட்டிக் கடைச் சரக்கு. குட்டி விளக்கு மேசை அலங்காரம். அந்தந்த வேலைக்கு அவை சரியான பொருள்கள்தான். ஆனால் குழந்தை கையில் கொடுக்க யாரும் அவற்றைச் சோதித்ததில்லை. பெட்டியில் வைத்து 'குழந்தைகளுக்கு' என்று விற்கும் நிமிடத்தில் அது பொம்மையாகிவிடுகிறது, பொறுப்பும் விற்பவர் தலையில் வந்துவிடுகிறது. வீட்டில் தயாரித்தது என்பதால் பாதுகாப்பு விதி தளர்ந்துவிடும் என்று இந்தத் துறையில் பலர் நம்புகிறார்கள். பல நாடுகளில் அப்படி இல்லை. உதாரணமாக, ஐரோப்பிய ஒன்றியத்தில் சமையலறையில் தைத்த பொம்மைக்கும் தொழிற்சாலைப் பொம்மைக்கும் அடிப்படைத் தேவைகள் ஒன்றேதான்.

கவனத்துக்கு வந்தவை

முதலில் வந்தது பூஞ்சை. மழைப் பெட்டி வாங்கிய ஒருவர், அரிசிப் பையைத் திறந்ததும் மக்கிப்போன வாடை அடித்ததாக எழுதினார். வேறு பை அனுப்பினார்கள், அத்தோடு விட்டுவிட்டார்கள்.

அடுத்த செய்தி, கோதுமை ஒவ்வாமை உள்ள ஒரு பிள்ளையின் தாயிடமிருந்து. மாவில் என்ன இருக்கிறது என்று பெட்டியில் எங்கும் எழுதவில்லையே என்று கேட்டிருந்தார். நல்லவேளையாக, பிரிப்பதற்கு முன்பே கேட்டார். மன்னிப்புக் கேட்டுப் பதில் போனது. அதுவும் அத்தோடு முடிந்தது.

மூன்றாவது செய்திதான் எல்லாவற்றையும் நிறுத்தியது. ஐந்து வயது மகளுக்குக் கடல் பெட்டி வாங்கிய வீடு. மகள் விளையாடி முடித்த பிறகு தாய் எல்லாவற்றையும் எடுத்துவைத்திருக்கிறார். மறுநாள், தவழ்ந்துகொண்டிருந்த இளையவன் வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தான். விரலை விட்டு எடுத்தால், வழுவழுப்பான மணி. சோபாவுக்கு அடியில் இன்னும் சில கிடந்தன. வேறு ஏதாவது உள்ளே போயிருக்குமோ என்று மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, கண்காணிப்பில் வைத்து, ஒன்றுமில்லை என்று உறுதியான பிறகு எழுதியிருந்தார். செய்தியில் கோபம் இல்லை. 'எக்ஸ்ரேயில் இது தெரியாதாம், உங்களுக்குத் தெரியுமா?' என்று ஒரு வரி இருந்தது.

அவர்களுக்குத் தெரியாது. வாட்டர் பீட்ஸ் என்பது நீரை உறிஞ்சும் பாலிமர். காய்ந்த நிலையில் சில மில்லிமீட்டர்தான். தண்ணீர் பட்டால் கோலிக்குண்டு அளவுக்கும் அதற்கு மேலும் பெருக்கும். விழுங்கினால் குடலுக்குள்ளும் அதையே செய்யும், அடைப்பை உண்டாக்கும். பெரும்பாலும் தண்ணீராலானது என்பதால் சாதாரண எக்ஸ்ரேயில் பொதுவாகத் தெரியாது. வாந்தி, வயிற்றுவலி, சாப்பிட மறுப்பது என்று எந்த வயிற்றுக் கோளாறிலும் வரும் அறிகுறிகளே வருவதால், குழந்தை விழுங்கியதை யாரும் பார்க்காவிட்டால் மருத்துவருக்குச் சந்தேகம் வருவதே தாமதமாகும். அமெரிக்காவில் 2023-இல் பத்து மாதக் குழந்தை ஒன்று இறந்ததை அடுத்து ஒரு வாட்டர் பீட்ஸ் கிட் திரும்பப் பெறப்பட்டது. அந்த ஆண்டு இறுதியில் அங்குள்ள பெரிய விற்பனை நிறுவனங்கள் சில, குழந்தைகளுக்கென்று இதை விற்பதையே நிறுத்தின.

நிறுத்தும் முடிவு

செய்தி வந்த இரவு கணவனுக்கும் மனைவிக்கும் ஒத்துப்போகவில்லை. இருவருடைய வாதத்தையும் பதிவு செய்கிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு யாருக்கும் இந்த இரண்டு குரலும் மனதுக்குள் கேட்கும்.

"எச்சரிக்கையைப் பெருசாப் போடுவோம், தம்பி தங்கை இருக்கிற வீட்டுக்கு வேண்டாம்னு எழுதுவோம்" என்றார் கணவர். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அடுத்த மாதப் பெட்டிகளுக்குச் சரக்கு வந்து இறங்கியிருந்தது. சந்தாதாரர்கள் முன்பணம் கட்டியிருந்தார்கள். கடல் பெட்டிதான் அதிகம் விற்றதும்.

மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. "அந்தம்மா எச்சரிக்கையைப் படிச்சிருக்காங்க. பக்கத்துலயே உக்காந்திருக்காங்க. விளையாடினப்போ ஒண்ணும் ஆகலையே, மறுநாள்தானே ஆச்சு."

என் பார்வையில் இந்த வாதம்தான் சரி. கண்காணிப்பில் விளையாடவும் என்ற வரி, விளையாடும் நேரத்தை மட்டுமே காக்கும். உருண்டு ஓடும் ஒரு பொருள் விளையாட்டு முடிந்த பிறகும் அந்த வீட்டில்தான் இருக்கிறது, தரை மட்டத்தில் தேடித் திரியும் குழந்தைதான் அதை முதலில் கண்டுபிடிக்கும். எவ்வளவு பெரிய எழுத்தில் எச்சரித்தாலும் சோபாவுக்கு அடியில் கிடப்பதை அது எடுத்துவிடாது.

மறுநாள் காலையில் எல்லாப் பெட்டிகளின் விற்பனையையும் நிறுத்தினார்கள். கடல் பெட்டி வாங்கிய ஒவ்வொருவருக்கும் செய்தி போனது: மணிகளைக் குப்பையில் போடுங்கள், கழிப்பறையிலோ தொட்டியிலோ கொட்டாதீர்கள், சோபா, கட்டில், விரிப்பு அடியில் தேடுங்கள், குழந்தை விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் உடனே மருத்துவரிடம் போய் வாட்டர் பீட்ஸ் என்று பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பணமும் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

எல்லாருக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. எந்தப் பெட்டி எந்தத் தயாரிப்புச் சுற்றில் வந்தது என்று காட்டும் பேட்ச் எண் பெட்டியில் இல்லை. பரிசாக வாங்கி வேறு வீட்டுக்கு அனுப்பியவர்கள் இருந்தார்கள். சிலர் நேரில் பணம் கொடுத்து வாங்கியிருந்தார்கள், குறிப்பில் முதல் பெயர் மட்டும். பழைய செய்திகளைப் புரட்டி ஆள் ஆளாகத் தேடியதில்தான் கணவர் கட்சி மாறினார். எச்சரிக்கையைப் பற்றி அதன்பின் அவர் பேசவில்லை.

மேசைமேல் கொட்டிப் பார்த்தது

என்னை அழைத்தது இந்தக் கட்டத்தில். எல்லாப் பெட்டிகளையும் மேசையில் கொட்டி, ஒவ்வொரு பொருளாக எடுத்துப் பார்த்தோம். நான் கேட்ட முதல் கேள்வி: உங்கள் மகன் சிறுவயதில் பொருட்களை வாயில் போட்டானா? இல்லை, ஒருபோதும் இல்லை என்றார்கள். வாயருகே எதையும் கொண்டுபோகவே விடமாட்டானாம். வீட்டில் அவனுக்குக் கீழே வேறு பிள்ளையும் இல்லை.

இவர்கள் பெட்டிகளை வாங்குவது பெரும்பாலும் வளர்ச்சியில் வேறுபாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோர். அந்தப் பிள்ளைகளில் பலர் நான்கு, ஐந்து, ஏழு வயதிலும் பொருட்களை வாயால்தான் அறிந்துகொள்கிறார்கள். உணவல்லாததைத் தேடித் தின்னும் பழக்கம் உள்ளவர்களும் உண்டு. '3 வயதுக்கு மேல்' என்ற அச்சு சராசரிக் குழந்தையை மனதில் வைத்தது. இந்தப் பெட்டிகள் போய்ச் சேரும் வீடுகளில் சராசரியே வேறு.

அளவுக்கு ஓர் எளிய கருவி இருக்கிறது. மூன்று வயதுக்குக் கீழான குழந்தையின் தொண்டை அளவை ஒட்டிச் செய்த உருளை. விட்டம் 31.7 மில்லிமீட்டர். அடிப்பகுதி சாய்வானது; ஆழம் ஒரு பக்கம் 25.4, மறுபக்கம் 57.1. அழுத்தாமல் போட்டு முழுதும் உள்ளே அடங்கினால் அது 'சிறு பாகம்'. ஐ.எஸ்.ஓ. 8124 (சர்வதேசம்), ஈ.என். 71 (ஐரோப்பா), ஏ.எஸ்.டி.எம். எஃப் 963 (அமெரிக்கா) என்று எந்தப் பொம்மைப் பாதுகாப்புத் தரத்தை எடுத்தாலும் இந்த உருளை இருக்கும். பிளாஸ்டிக்கில் மலிவாகவே கிடைக்கிறது. அவர்கள் பொருட்களில் கரண்டியும் இடுக்கியும் ரிப்பனும் தவிர கிட்டத்தட்ட எல்லாமே அதற்குள் விழுந்தன. குட்டி விளக்கின் மூடியை நகத்தால் நெம்பினாலே பேட்டரி கையில் வந்தது. பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் உண்டாகும். பொம்மையில் அந்த மூடி திருகாணி போட்டு மூடப்பட்டிருக்க வேண்டும், அல்லது இரண்டு வேறு அசைவுகளைச் சேர்த்துச் செய்தால்தான் திறக்கும்படி இருக்க வேண்டும்.

பயறு வகைகளில் சிவப்புக் கிட்னி பீன்ஸ் இருந்தது. பச்சையாகத் தின்றால் அதிலுள்ள லெக்டின் என்ற புரதம் கடும் வாந்தியை உண்டாக்கும். எந்தப் பயறும் மூக்கிலோ காதிலோ போனால் ஈரத்தில் உப்பிக்கொள்ளும். மாவு, அடுப்பில் வைக்காமல் பிசைந்தது. பச்சை மாவில் ஈ. கோலை, சால்மொனெல்லா போன்ற நோய்க்கிருமிகள் இருக்க வாய்ப்புண்டு. மாவு உலர்ந்த பொருள் என்பதால் பலர் இதை யோசிப்பதில்லை.

அப்புறம் அந்த அட்டை. ஒவ்வொரு பெட்டியிலும் 'மூளை வளர்ச்சிக்கு உதவும், ஆட்டிச அறிகுறிகளைக் குறைக்கும்' என்று ஓர் அட்டை. இணையத்தில் பார்த்து எழுதியது. இதில் எனக்குக் கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஜீன் அயர்ஸ் 1972-இல் நூலாக எழுதிய சென்சரி இன்டகிரேஷன் (புலன் ஒருங்கிணைப்பு) கோட்பாட்டின்படி நடப்பது, பயிற்சி பெற்றவர் ஒரு குழந்தையை மதிப்பிட்டு, அந்தக் குழந்தைக்கென்று திட்டமிட்டுச் செய்யும் சிகிச்சை. அதற்கே ஆதாரம் குறைவு என்பதைப் பெற்றோரிடம் சொல்ல வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012-இல் அறிவுறுத்தியது. அப்படியிருக்க, அரிசிப் பெட்டி அறிகுறியைக் குறைக்கும் என்று எழுதுவது எப்படிச் சரியாகும்? விளையாட்டு விளையாட்டாக இருந்தாலே போதும். பிள்ளை அமைதியாக அரை மணி நேரம் ஈடுபட்டிருப்பது சின்ன விஷயமும் இல்லை.

மாற்றங்களும் காரணங்களும்

வாட்டர் பீட்ஸ், குட்டி விளக்கு, கண்ணாடிக் கல், கிட்னி பீன்ஸ் ஆகிய நான்கும் மாற்றுப்பொருள் தேடாமலேயே நீக்கப்பட்டன. மாதக் கருப்பொருளும் போனது. இதுதான் மனைவிக்கு அதிகம் வலித்த முடிவு. ஆனால் கணக்கு தெளிவாக இருந்தது. மாதம் ஒரு புதுப் பெட்டி என்றால் மாதம் ஐந்தாறு புதுப் பொருள்கள். ஆய்வகச் சோதனைக்கான கட்டணம் பொருளுக்குப் பொருள், நிறத்துக்கு நிறம் ஏறும். ஒரே வகைத் துணி, ஒரே மரம், ஒரே சிலிகான் கிண்ணங்களை வைத்து வெவ்வேறு பெட்டிகள் செய்தால் ஒரு சோதனை பல பெட்டிகளுக்குப் பயன்படும். அதனால் நிலையான இரண்டு பெட்டிகள் மட்டும் என்று ஆனது.

முதலாவது, பெரிய பாகங்கள் மட்டும் கொண்டது: பல நெசவுகளில் துணிகள், ஒரு பெட்டித் துளை வழியே இழுத்து எடுக்கும் துப்பட்டாக்கள், பெரிய மர வளையங்கள், கிண்ணம், புனல், சல்லடை. நிரப்பும் பொருள் எதுவும் இல்லை. ஊற்றி விளையாடத் தண்ணீர் எந்த வீட்டிலும் உண்டு. ஐந்து சென்டிமீட்டர் தண்ணீரில்கூடச் சிறு குழந்தை மூழ்கக்கூடும் என்பதால், குழந்தை விளையாட்டை விட்டு எழுந்த உடனே தொட்டியைக் காலி செய்யச் சொல்லி அட்டையில் முதல் வரியாகப் போட்டார்கள். ரிப்பன்கள் ஒரு சாணுக்கும் குறைவாக வெட்டப்பட்டன.

இரண்டாவது, சாயமிட்ட அரிசிப் பெட்டி. இதை வாங்க ஆர்டர் படிவத்தில் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளை இன்னும் பொருட்களை வாயில் போடுவதுண்டா? வீட்டில் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை இருக்கிறதா? ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றால் முதல் பெட்டிதான் கிடைக்கும். வயதை அச்சிடுவதைவிட இந்தக் கேள்வி பல மடங்கு பயனுள்ளது என்பது என் கருத்து. பெற்றோருக்குத் தங்கள் பிள்ளையைத் தெரியும். நேராகக் கேட்டால் நேராகச் சொல்கிறார்கள்.

பூஞ்சைக்குக் காரணம் தேடியபோது, சாயமிட்ட அரிசி தொட்டால் காய்ந்ததாகத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருந்தது தெரிந்தது. அதைக் காற்றுப் புகாத ஜிப் கவரில் போட்டால் ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. தீர்வு தராசுதான். சாயம் சேர்க்கும் முன் அரிசியை எடை போடுவது, பரப்பி உலர்த்துவது, பழைய எடைக்குத் திரும்பும்வரை பேக் செய்யாமல் இருப்பது. கைக்குத் தெரியாத ஈரம் தராசுக்குத் தெரிகிறது. ஒவ்வொரு பேட்சிலும் ஒரு பையை எடுத்துவைத்து, விற்றது எப்படி இருக்கும் என்று அவ்வப்போது திறந்து பார்க்கிறார்கள். பேட்ச் எண் பெட்டியிலும் பையிலும் இருக்கிறது, யாருக்கு எது போனது என்ற பதிவும் இருக்கிறது. பரிசாக அனுப்பினால் பெறுபவரின் தொடர்பு விவரமும் கேட்கப்படுகிறது.

அட்டையில் இப்போது உள்ளே என்ன இருக்கிறது, எப்படிச் சுத்தம் செய்வது, எப்போது தூக்கிப்போடுவது ஆகியவை மட்டும்.

விளைவு

சந்தாதாரர்களில் பலர் போய்விட்டார்கள். கடல் பெட்டி எங்கே என்று கேட்டவர்கள் பலர், அதே பொருளை வேறிடத்தில் வாங்கிக்கொண்டவர்களும் உண்டு. புதுப் பெட்டி 'ரொம்ப சாதாரணமாக இருக்கிறது' என்று ஒருவர் எழுதினார். அவர் சொன்னது உண்மைதான், படத்தில் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. தொழிலின் வருமானம் குறைந்தது. இரவுப் பேக்கிங்கும் குறைந்தது.

படிவத்தில் முதல் கேள்விக்கு ஆம் என்றவர்கள் அவர்கள் எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். அதனால் பெரிய பாகப் பெட்டிதான் இப்போது முக்கிய விற்பனை. மூத்த பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளி ஒன்றும் வாங்குகிறது. அங்கே பத்து வயதுப் பிள்ளைகளும் வாயில் போடுவதுண்டு, ஆனால் அவர்களுக்குக் கிடைக்கும் 'பாதுகாப்பான' பொம்மைகள் எல்லாம் கிலுகிலுப்பை வகை. வயதுக்கேற்ற தோற்றமும் பெரிய பாகமும் சேர்ந்து கிடைப்பது அரிது என்று பள்ளியில் சொன்னார்கள். இந்தத் தேவையை யாரும் திட்டமிட்டுத் தேடிப் போகவில்லை.

ஆய்வகத்தில் முதல் சுற்றில் ஒரு பொருள் தோற்றது. துணியில் தைத்த மர வளையம் இழுவைச் சோதனையில் பிய்ந்து வந்தது. ஈ.என். 71-இன்படி, பற்றி இழுக்கக்கூடிய, 6 மில்லிமீட்டரைவிடப் பெரிய பாகம் 90 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். சுமார் ஒன்பது கிலோ எடையைத் தொங்கவிடுவதற்குச் சமம். தையலை மாற்றி, இப்போது வீட்டிலேயே ஒவ்வொரு பேட்சிலும் சிலவற்றில் எடையைத் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறார்கள்.

மகன் விஷயத்திலும் ஒரு மாற்றம். முன்பு ஒவ்வொரு புதுப் பெட்டியையும் முதலில் அவனிடம்தான் கொடுத்துப் பார்ப்பார்கள், படமும் எடுப்பார்கள். அவன் விளையாடும் அறையே சரக்கு அறையாகவும் ஆகியிருந்தது. கடைசி மாதங்களில் அரிசித் தட்டைக் கண்டாலே எழுந்து போய்விடுவான். சரக்கை வேறு இடத்துக்கு மாற்றி, சோதனைக்கு வேறு வீடுகளின் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். அதில் வாயில் போடும் பிள்ளை, எறியும் பிள்ளை, பிசுபிசுப்பை விரும்பும் பிள்ளை என்று வேண்டுமென்றே வெவ்வேறு வகை. மகன் இப்போது மறுபடி தட்டில் விளையாடுகிறான், யாரும் படமெடுப்பதில்லை.

மறுபடி தொடங்கினால்

இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். முதல் பெட்டியிலிருந்தே பேட்ச் எண் போட்டிருப்பேன் என்றார் கணவர், அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. பூஞ்சைச் செய்தியும் கோதுமைச் செய்தியும் வந்தபோதே நின்று யோசித்திருக்க வேண்டும் என்றார் மனைவி. இரண்டையும் வாடிக்கையாளர் சேவையாகப் பார்த்தோம், பெட்டி எப்படித் தயாராகிறது என்று யாரும் கேட்கவில்லை என்பது அவர் சொன்னது.

என் பக்கத்திலிருந்து ஒன்று சேர்ப்பேன்: பொருளை வாங்கும்போதே, இது என்ன உபயோகத்துக்காகத் தயாரிக்கப்பட்டது என்று விற்பவரிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டும். அந்த ஒரு கேள்வியில் நீக்கப்பட்ட நான்கு பொருள்களில் மூன்று வாசலிலேயே நின்றிருக்கும்.

பிசையும் மாவு பற்றி இன்னும் முடிவாகவில்லை. கணவருக்கு அதை விட்டுவிட வேண்டும். மனைவிக்கு அடுப்பில் கிளறிய மாவை, கோதுமை உள்ளது, கோதுமை இல்லாதது என இரண்டு வகையாக, குறுகிய காலாவதித் தேதியுடன் கொண்டுவர ஆசை. அதுவரை மாவுக்குப் பதில் செய்முறை அட்டை ஒன்றை மட்டும் கேட்பவர்களுக்கு அனுப்புகிறார்கள்.